அளந்து சாப்பிட்டவர்கள்

"பிள்ளை, நான் ஒருக்கா அளந்து சாப்பிட்டனான். திரும்ப அளக்கச் சொல்லாதை."

உணவியல் பயிற்சி தொடங்கி மூன்றாம் கிழமை. குடாநாட்டு வைத்தியசாலை ஒன்றின் நீரிழிவுக் கிளினிக். சொன்னவர் எழுபதை நெருங்கிய ஓர் அம்மா. என் கையில் அச்சடித்த தாள் இருந்தது: காலையில் இவ்வளவு, மதியம் இவ்வளவு, இரவில் அதிலும் குறைய. அதை அவருடைய கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அவர் தாளைத் தொடவில்லை. 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஒரு பேணிக் கஞ்சியை நாலு பேர் பங்கிட்டதைச் சொன்னார். அரிசி கொஞ்சம், தண்ணீர் நிறைய, உப்பு. யாருக்கு எத்தனை மிடறு என்று அளந்தவர் அவர்தான். கடைசிப் பங்கு அவருடையது.

போசணையியலை நான் வயம்பப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தவள். ஒரு மாற்றுப் பங்கு என்றால் 15 கிராம் காபோவைதரேற்று. வெறுவயிற்றில் ஒரு டெசிலீற்றர் குருதியில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளுக்கோசு இருந்தால் நீரிழிவு. இவை எனக்கு மனப்பாடம். அமெரிக்காவில் உணவியலாளராகப் பதிவதற்கு மேற்பார்வையின் கீழ் 1,000 மணிநேரமாவது பழகியிருக்க வேண்டும், இந்தியாவில் ஆறு மாத வைத்தியசாலைப் பயிற்சி வேண்டும் என்று அறிந்தபோது, படித்து முடித்தவர்களுக்கு இத்தனை காலம் எதற்கு என்று நினைத்திருக்கிறேன். அந்த அம்மா பேசியபின் அப்படி நினைத்ததில்லை.

பசியைக் கண்ட ஒருவரிடம் "குறையுங்கோ" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அன்றிரவு நித்திரை வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியாது. கண், சிறுநீரகம், பாதம் எதையும் சீனி வருத்தம் விட்டுவைப்பதில்லை. இரக்கப்பட்டு நான் வாயை மூடிக்கொண்டால், அவர் ஆறாத காற்புண்ணோடு வாட்டுக்கு வருவார். 2005, 2006 ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. கணக்கெடுக்கப்படாமல் விடுபட்டவர்கள்தான் இன்று எங்கள் கிளினிக் வாங்குகளில் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் மினசோட்டாப் பட்டினிப் பரிசோதனையைப் படித்திருந்தேன். 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்த்தார்கள். மீண்டும் வயிறாரச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்குப் போதும் என்ற உணர்வு வர நாட்கள் சென்றன. சோதனையில் எழுதி நல்ல புள்ளி வாங்கிய பாடம் இது. எங்கள் வீட்டிலேயே அது நடந்துகொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி இல்லாமல், பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர் என் அம்மா. இன்றும் சீனிப் போத்தல் பாதிக்குக் கீழே இறங்கினால் கடைக்குப் போய்விடுவார். பனங்கட்டி சீனி வருத்தத்துக்குக் கெடுதியில்லை என்று அவரும் நம்புகிறார், கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலரும் நம்புகிறார்கள். பனங்கட்டியிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கெட்ட காலத்தில் கைகொடுத்த பண்டம் அது என்று தெரிந்துகொண்டு சொல்லும்போது குரல் வேறாகிவிடுகிறது.

தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தமிழில்தான் இருந்தது, ஆனால் ஓட்ஸும் அப்பிளும் கப் அளவும் நிறைந்த தமிழ். மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார். நான் இந்த மண்ணில் பிறந்தவள். எங்கள் வீடுகளில் அரிசி அளப்பது சுண்டால், பிட்டு அளப்பது நீத்துப்பெட்டியால். அடுத்த சில நாட்கள் வீட்டில் தராசை வைத்துக்கொண்டு சுண்டையும் அகப்பையையும் நீத்துப்பெட்டியையும் ஒவ்வொன்றாக நிறுத்தேன். காபோவைதரேற்று முதன்முதலாக எங்கள் குசினிக்குள் வந்தது.

அடுத்த மாதம் அந்த அம்மா வந்தபோது தாளை எடுக்கவில்லை. "நேற்று விடிய எழும்பினதிலிருந்து என்னென்ன சாப்பிட்டனீங்கள் அம்மா?" என்று கேட்டேன். ஒருநாள் உணவை நினைவுகூரச் செய்வது எங்கள் துறையின் முதற் கருவி. முந்தின மாதம் அதற்கு நான் இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. இப்போது அரை மணித்தியாலம் சென்றது. இரவில் தனக்கும் பேரனுக்கும் போதியதைவிடக் கூடவே பிட்டு அவிக்கிறார். மிஞ்சியதை விடியக் காலையில் பழங்கறியோடு தானே சாப்பிடுகிறார். பத்து மணிக்குப் பேரனோடு மறுபடி சாப்பாடு.

"ஏனம்மா கூட அவிக்கிறீங்கள்?"

"பானையிலை ஏதும் மிச்சம் கிடந்தாத்தான் எனக்கு நித்திரை வரும் பிள்ளை. விடிஞ்சாப் பிறகு எறிய மனம் வராது."

அவருடைய சீனி எங்கிருந்து ஏறுகிறது என்பது அந்தப் பதிலில் இருந்தது. மிச்சம் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, இப்போதும் எழாது. நீத்துப்பெட்டி நிறைய அவிக்கச் சொன்னேன். மாவைப் பாதியாக்கி, மற்றப் பாதிக்கு முருங்கையிலையோ கீரையோ அரிந்து போடச் சொன்னேன். கீரைப்பிட்டு அவருக்குப் புதிதல்ல. இலையில் மாப்பொருள் சொற்பம், நார்ச்சத்துக் கூட. பெட்டியும் நிறையும், மிச்சமும் கிடக்கும், விடிய அவர் சாப்பிடுவதும் பாதி இலையாக இருக்கும்.

அதற்கடுத்த மாதம் சீனி பெரிதாக இறங்கியிருக்கவில்லை. மருந்தைப் பற்றி வைத்தியர் அவரோடு தனியாகக் கதைத்தார். பிறகு அவர் என் மேசைக்கு வந்து, பையிலிருந்து வாழையிலைப் பொதி ஒன்றை எடுத்து விரித்தார். முருங்கையிலைப் பிட்டு, இன்னும் இளஞ்சூட்டோடு.

"அரைவாசி இலைதானோ எண்டு பார் பிள்ளை."

உதிர்த்துப் பார்த்தேன். அரைவாசி இல்லை, கால்வாசிதான் வரும். அப்படியே சொன்னேன்.

"அப்ப நாளைக்கு இன்னும் ரெண்டு பிடி போடுறன்" என்று இலையை மடித்தார். பேரனுக்காம்.