தீங்கு செய்யாதிருந்தால் போதுமா?



சூனியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுபவை எவை? முச்சந்தியில் வெட்டிப் போட்ட தேசிக்காய், வளவுக்குள் புதைத்த தகடு, இரவோடிரவாகக் கழிப்புக் கழிக்க வரும் மந்திரவாதி. ஆனால் மேல்நாடுகளில் இன்று அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அங்கே படித்த இளைஞரும் யுவதிகளும், எவருக்கும் கேடு நினையாமல், மெழுகுதிரி ஏற்றி, முழுநிலவு நாளில் வழிபாடு செய்து, தாம் சூனியக்காரரின் வழியில் அடியெடுத்து வைத்திருப்பதாக வெளிப்படையாகவே கூறுகின்றனர். இவ்வழிக்கு 'விக்கா' என்று பெயர். 2021ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பில் ஏறத்தாழ 13,000 பேர் தமது சமயம் விக்கா என எழுதிக் கொடுத்தனர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் நம் பேரப்பிள்ளைகள் இப்பெயரைத் தம் தோழரிடம் கேட்கக்கூடும். இங்குள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே காணக்கூடும். ஒரு நாள் ஒரு பிள்ளை நம்மிடம் வந்து, "இதிலே என்ன பிழை? நான் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லையே!" என்று கேட்டால் நாம் என்ன மறுமொழி சொல்லப்போகிறோம்?

"அது பேயின் வேலை" என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம். ஆனால் அது மறுமொழியாகாது. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது எட்டாம் கற்பனை. நமக்கு உடன்பாடில்லாத சமயத்தாரைப் பற்றிப் பேசும்போதும் அக்கற்பனை நம்மைக் கட்டுப்படுத்தும். ஆகவே முதலில் உண்மையை அறிவோம்.

விக்காவை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெறல்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884இல் லங்காஷயரில் பிறந்த இவர், 1900ஆம் ஆண்டையொட்டி இளைஞராக இலங்கைக்கு வந்து நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தார். 1910இல் கொழும்பில் பிறீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பின்பு போர்னியோவுக்கும் மலாயாவுக்கும் சென்று, ஜொகூரில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றி, 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939இல் நியூ பொறஸ்ற் பகுதியில் இரகசியமாக இயங்கிய ஒரு சூனியக்காரர் குழுவிலே தாம் சேர்த்துக்கொள்ளப்பட்டதாக அவர் பிற்காலத்தில் கூறினார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் பிரித்தானியாவில் நீக்கப்பட்டது. அதன்பின் 1954இல் அவர் வெளியிட்ட 'இன்றைய சூனியம்' என்ற பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலே இவ்வழியைப் பலர் அறியச் செய்தது. 1964இல் அவர் இறந்தார்.

கிறிஸ்துவுக்கு முன்பிருந்தே ஐரோப்பாவில் நிலவிய பழஞ்சமயம் ஒன்று மறைவாக உயிர்பிழைத்து வந்தது என்றும், தாம் அதனையே கண்டெடுத்ததாகவும் கார்ட்னர் நம்பினார். மார்கரெட் மறே என்ற அறிஞர் 1921இல் எழுதிய நூல் இக்கருத்துக்கு வலுவூட்டியது. ஆனால் வரலாற்றாசிரியர் அதனை ஏற்பதில்லை. றொனல்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, இது இருபதாம் நூற்றாண்டில் உருவான ஒரு புதுச் சமயம் எனக் காட்டியது. இன்று விக்காவைப் பின்பற்றுவோரிலும் பலர் இதனை ஒப்புக்கொள்ளுகின்றனர்.

அவர்கள் சாத்தானை வணங்குவதில்லை. சாத்தான் என ஒருவன் உண்டென்றே அவர்கள் நம்புவதில்லை. நிலவோடு தொடர்புடைய ஒரு பெண் தெய்வத்தையும், கொம்புடைய ஓர் ஆண் தெய்வத்தையும் போற்றி, பருவ காலங்களை ஒட்டி ஆண்டில் எட்டு விழாக்களைக் கொண்டாடுகின்றனர். தொடக்க காலத்தில் ஒருவர் தாமாக இதனுள் நுழைய முடியாது. குழுவிலுள்ள மற்றொருவரே அவரைச் சேர்க்க வேண்டும். ஓராண்டும் ஒரு நாளும் பயில வேண்டும் என்பது பல குழுக்களின் வழமை. ஆனால் 1988இல் ஸ்கொற் கனிங்காம் என்ற அமெரிக்கர் தனியே வழிபடுவோருக்கென ஒரு கைநூல் எழுதினார். அன்று முதல், ஒருவர் தம் அறையிலே தனித்திருந்து, தம்மைத் தாமே அர்ப்பணித்து இவ்வழியைத் தொடங்குவது பரவலாயிற்று.

இனி நம் பக்கத்து உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 40,000 முதல் 60,000 வரையிலான மக்கள் கொல்லப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கத்தோலிக்க நாடுகளும் புரட்டஸ்தாந்து நாடுகளும் இப்பழியில் பங்காளிகள். கொலைத் தீர்ப்புகளை நிறைவேற்றியவை பெரும்பாலும் அரச நீதிமன்றங்களே என்று சொல்லி நாம் கை கழுவிவிட முடியாது. சூனிய வேட்டைக்குக் கைநூல் எழுதிய ஹைன்ரிக் கிறாமர் ஒரு துறவி. இக்கதைகளை அறிந்த ஓர் இளம்பெண், கொல்லப்பட்டவர்களின் பக்கம் நிற்க விரும்பித் தன்னைச் சூனியக்காரி என்று அழைத்துக்கொண்டால், அந்த விருப்பத்தின் அடியிலே நீதியைப் பற்றிய ஒரு நல்ல உணர்வு இருக்கின்றது. அதனை நாம் ஏளனம் செய்யலாகாது.

அவள் தேடும் மற்றவையும் தீயவையல்ல. கடவுள் படைத்த மண்ணையும் நிலவையும் மதிக்க விரும்புகிறாள். வழிபாட்டிலே பார்வையாளராக இராமல் தன் கையாலும் ஏதாவது செய்ய விரும்புகிறாள். பெண்ணாகிய தனக்கும் இறைவன் முன் மாண்பு உண்டென்று உணர விரும்புகிறாள். இவற்றையெல்லாம் அவள் ஆலயத்திலே காணவில்லையென்றால், அந்தக் கேள்வி முதலில் நம்மை நோக்கியே வருகிறது.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்பே பிள்ளையின் கேள்விக்கு வருகிறோம். விக்காவின் ஒழுக்க நெறியைச் சுருக்கமாகச் சொன்னால், எவருக்கும் தீங்கு நேராதவரையில் உன் விருப்பப்படி நடக்கலாம் என்பதாகும். ஒருவர் அனுப்பும் நன்மையும் தீமையும் மும்மடங்காக அவரிடமே திரும்பும் என்று நம்புவோரும் அவர்களில் உளர். மேலோட்டமாகப் பார்த்தால் அழகான நெறிதான். எத்தனையோ கிறிஸ்தவர்கள் இந்த அளவுக்கேனும் நடந்தால் நம் ஊர்களில் வழக்குகளும் வம்புகளும் குறைந்துவிடும். ஆயினும், தீங்கு செய்யாதிருந்தால் மட்டும் போதுமா?

எரிக்கோவுக்குப் போகும் வழியிலே அடிபட்டுக் கிடந்தவனை நினைத்துப் பாருங்கள். அவனைக் கண்டும் விலகிச் சென்ற குருவும் லேவியனும் அவனுக்கு என்ன தீங்கு செய்தனர்? அடித்தவர்கள் கள்வர்கள். இவர்கள் அவனைத் தொடவுமில்லை, ஏசவுமில்லை. தீங்கு செய்யாதிருப்பதே நெறியென்றால், இவ்விருவரும் குற்றமற்றவர்கள். இலாசரைத் தன் வாசலிலே கிடக்கவிட்ட செல்வந்தனும் அவ்வாறே. அவன் இலாசரை விரட்டியதாகக்கூட நற்செய்தி சொல்லவில்லை. கவனியாது விட்டான், அவ்வளவுதான். ஆனால் யேசு கிறிஸ்து இவர்களை நல்லவர்கள் என்று சொல்லவில்லையே! இறுதித் தீர்வையைப் பற்றி அவர் கூறும்போதும், இடப்பக்கத்தில் நிற்போர் மீது சுமத்தப்படும் குற்றம் அவர்கள் செய்த தீமையன்று. பசித்தவனுக்கும் நோயாளிக்கும் சிறைப்பட்டவனுக்கும் அவர்கள் செய்யாமல் விட்ட நன்மையே. இதனால்தான் திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்யும் பாவ அறிக்கையில், சிந்தனை, சொல், செயல் என்பவற்றோடு, செய்யத் தவறியதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

இதற்குச் சூனிய வேட்டையின் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். பிறீட்றிக் ஸ்பே என்ற யேசுசபைக் குருவானவர் ஜெர்மனியிலே வாழ்ந்தவர். சூனியக்காரரென்று குற்றஞ்சாட்டப்பட்டோர் படும் பாட்டை அறிந்த அவர், 1631இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு நூலை வெளியிட்டார். சித்திரவதைக்கு உட்படுத்தினால் குற்றமற்றவரும் எதையும் ஒப்புக்கொள்வர். அவ்வாறு பெற்ற வாக்குமூலத்தை வைத்து எவரையும் கொல்வது அநீதி என்று அதில் வாதாடினார். அவர் மௌனமாயிருந்திருந்தால் எவருக்கும் தீங்கு செய்தவராகமாட்டார். நெருப்பு மூட்டியவர் அவரல்லர். ஆனால் மௌனம் அவருக்குப் போதவில்லை. தம் சபையாரிடையேயும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டார். 1635இல் திறியர் நகரிலே நோயுற்ற போர்வீரர்களைப் பராமரிக்கையில் அந்நோயே தொற்றி உயிர் நீத்தார். 'தீங்கு செய்யாதே' என்பதற்கும் 'அன்பு செய்' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவருடைய வாழ்வு அளந்து காட்டுகிறது.

இரண்டாவது கேள்வி, விருப்பத்தைப் பற்றியது. மந்திரத்தின் உள்ளீடு யாது? சொல்லாலும் சடங்காலும் ஓர் ஆற்றலை வசப்படுத்தி, என் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்வது. செபத்தின் உள்ளீடு யாது? என் விருப்பத்தை ஒளிக்காமல் இறைவனிடம் சொல்லி, ஈற்றில் அவருடைய சித்தத்துக்கு என்னைக் கையளிப்பது. கெத்சமனித் தோட்டத்திலே யேசு தமக்கு வந்த துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்டார். கேட்டபின் தந்தையின் சித்தத்துக்குப் பணிந்தார். மந்திரம் முதற்பகுதியோடு நின்றுவிடுகிறது.

அதனால் நாம் ஏதோ உயரத்தில் நிற்பதாக எண்ணிவிடக்கூடாது. ஞாயிறு திருப்பலி கண்டுவிட்டு, திங்கட்கிழமை சாத்திரம் கேட்கவும் நூல் கட்டவும் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? மறைவான சக்திகளை வசப்படுத்தி மற்றவர் மீது ஆற்றல் பெற முயல்வது, நோயைக் குணப்படுத்துவதற்காயினும் தவறே என 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுகிறது. அது இங்கிலாந்துப் பெண்ணுக்கு மட்டுமன்று, நமக்கும் கூறப்பட்டது. இன்னுமொரு படி போவோம். ஒன்பது நாள் தவறாது சொன்னால் காரியம் கட்டாயம் சித்திக்கும், ஒரு நாள் தவறினால் பலிக்காது என்ற எண்ணத்தோடு நவநாள் செபம் சொல்பவரின் கையிலே செபமாலை இருந்தாலும், மனத்திலே இருப்பது மந்திரந்தான். விக்காவைக் கண்டிப்பதற்கு முன் நம் செபத்தைச் சோதித்துப் பார்ப்பது நன்று.

மூன்றாவதாக, தொடக்கத்தைப் பற்றி ஒரு சொல். ஒருவர் தனியறையிலே தம்மைத் தாமே அர்ப்பணித்துக்கொள்ளலாம் என்பது இன்று பலரைக் கவருகிறது. திருச்சபையிலோ எவரும் தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்வதில்லை. நீரை ஊற்ற மற்றொருவரின் கை வேண்டும். பெயர் சொல்லி அழைக்க மற்றொருவரின் வாய் வேண்டும். பாப்பரசரும் அவ்வாறே ஞானஸ்நானம் பெற்றவர்தாம். விசுவாசம் நாம் உண்டாக்கிக்கொள்வதன்று, பெற்றுக்கொள்வது. தனித்து நடப்பவனுக்குத் தன் விருப்பமே வழிகாட்டி. அவன் வழி தவறினால் சொல்லுவார் யார்? நம் அயலவர் சில வேளை நமக்குத் தொல்லையாயிருக்கின்றனர் என்பது உண்மை. ஆனால் அந்தத் தொல்லையிலேதான் நாம் அன்பு செய்யப் பழகுகின்றோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இவ்வழியை நாடினால் அடித்தும் ஏசியும் தடுக்க முற்படாதீர்கள். அவள் வைத்திருக்கும் நூலைப் பறித்து எரிக்காதீர்கள். எபேசு நகரிலே மந்திர நூல்கள் எரிக்கப்பட்டன என்று அப்போஸ்தலர் பணியிலே வாசிக்கிறோம். அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக் காசு. ஆனால் அவை எவருடைய நூல்கள்? எரித்தவர்களுடைய சொந்த நூல்கள். புனித சின்னப்பர் வீடு வீடாகப் போய் எவருடைய நூலையும் பறிக்கவில்லை. அவர் போதித்தார், கேட்டவர்கள் தாமாகவே கொண்டுவந்தனர். நீங்களும் முதலில் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவள் தேடுவது என்னவென்று கேளுங்கள். அவள் கொண்டாட விரும்பும் மண்ணையும் நிலவையும் படைத்தவரைப் பற்றிப் பேசுங்கள். துன்புற்ற பெண்களுக்காக அவள் இரங்கினால், இன்று நம் ஊரிலே துன்புறும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.

"நான் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லையே" என்று அவள் கேட்டால், "நல்லது பிள்ளை, அந்த மட்டிலே நில்லாமல் இன்னும் ஓரடி வைப்போம் வா" என்று சொல்ல நமக்கு வாய் வேண்டும். அப்படிச் சொல்லும் தகுதி, அந்த அடியை நாமே முன்பு வைத்திருந்தால்தான் நமக்கு உண்டு. அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டு விலகிப் போகும் குடும்பத்திலே வளரும் பிள்ளைக்கு, எந்த நெறியும் வெறும் பேச்சாகவே தோன்றும். சிந்திப்போமாக.