பழுதா, பகையா?

இயந்திரம் நின்றதும் 'ஏன் நின்றது?' எனக் கேட்பது பொறியியல், 'யார் நிறுத்தினார்?' எனக் கேட்பது அறவியல். முதல் வினாவுக்கு விடை காணுமுன் இரண்டாவதற்கு விடை கூறத் துணிவது அநீதிக்கே இட்டுச் செல்லும்.

2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து மறூச்சிப் பிரதேசத்தில் கழிவுநீர்ப் பம்பிகள் காரணந் தெரியாது நின்றன. புதிதாக நிறுவிய கட்டுப்பாட்டமைப்பின் கோளாறென்றே முதலிற் கருதப்பட்டது. மென்பொருளை மீள நிறுவியும் பயனில்லை. சமிக்ஞைகளைப் பொறுமையோடு பதிந்து ஆராய்ந்த பின்னரே, அவ்வமைப்பை நிறுவிய நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் வானொலிக் கருவி மூலம் பொய்யாணைகளை அனுப்பியமை புலனாயிற்று. ஏறத்தாழ 8 இலட்சம் லீற்றர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் கலந்தது.

இதற்கு நேர்மாறானது 2011ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நிகழ்ந்தது. நீர்ப்பம்பி ஒன்று பழுதாயிற்று; கணனிப் பதிவில் ருஷ்ய முகவரியொன்று காணப்பட்டது. உடனே 'அந்நியச் சதி' என்றது மாநில அறிக்கை, பத்திரிகைகள் முழங்கின. உண்மையோ வேறு. ஒப்பந்தப் பொறியியலாளர் ஒருவர் ஐந்து மாதங்களுக்கு முன் விடுமுறையில் ருஷ்யா சென்றிருந்தபோது, கேட்டுக்கொள்ளப்பட்டபடி அங்கிருந்து அமைப்பைப் பார்வையிட்டிருந்தார். பதிவில் அவர் பெயரே இருந்தது. அவரை விசாரிக்குமுன்பே எதிரி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டான்!

கருவி காட்டும் எண்ணும் போதிய சான்றன்று. 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெற்' ஈரானின் நத்தான்ஸ் ஆலையில் சுழலிகளைச் சிதைத்துக்கொண்டே, இயக்குநருக்கு இயல்பான அளவீடுகளைக் காட்டியது. எனவே திரையை மட்டுமன்றிப் பொருளையும் நோக்கவேண்டும்: தேய்ந்த உறுப்பு, பிறப்பிக்கப்பட்ட ஆணை, மாற்றப்பட்ட நிரல், உள்நுழைந்தவர் யாரென்னும் பதிவு ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று இசைகின்றனவா என ஆராயவேண்டும்.

இவ்வாராய்ச்சிக்குப் பொறுமை தேவை. ஆனால் அவசர முடிவால் ஆதாயமடைவோர் உளர். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றால் பராமரிப்புச் செலவைக் குறைத்தவர் தப்புவார். 'அந்நியச் சதி' என்றால் பூட்டில்லாக் கதவை விட்டுவைத்தவர் தப்புவார். எவ்வாறாயினும் வேலை இழப்பவனும் அசுத்த நீர் அருந்துபவனும் சாதாரண மனிதனே.

தாக்கியவனின் குற்றம் பெரிதே. ஆயினும் அது உடைமையாளரின் கடமையை அழித்துவிடாது. பதிவேடுகள் மறைக்கப்படாமல், இயந்திரத்தை அன்றாடம் இயக்கும் தொழிலாளரின் சாட்சியத்தோடு ஆராயப்படவேண்டும். தீர்ப்பு அதன் பின்னரே வரட்டும்.