முதலில் சொன்னவருக்கு என்ன மிச்சம்?

1992 அக்டோபர் வாக்கில் சென்னையில் வாந்திபேதி கண்டது. காலரா வடசென்னைக்குப் புதிதல்ல. ராயபுரத்தை அடுத்த தண்டையார்பேட்டையில் தொற்றுநோய்க்கென்றே மாநகராட்சி ஒரு மருத்துவமனை நடத்துவது சும்மா இல்லை. ஆனால் அந்த முறை சிக்கல் ஆய்வகத்தில் வந்தது. மலத்தை எடுத்துப் பச்சை நிறத் தட்டில் வளர்த்தால், காலராக் கிருமிக்கு உரிய மஞ்சள் திட்டுகள் ஒழுங்காகவே வந்தன. அதில் கொஞ்சம் கண்ணாடி ஸ்லைடில் வைத்து எதிர்ச்சீரம் ஒரு சொட்டு விட்டால் பால் திரிவதுபோல் திரிய வேண்டும். திரியவில்லை. அதுவரை தெரிந்திருந்த 138 வகைகளில் எதற்கான சீரத்துக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அதுவே பரவியது. 1993-இன் முதல் மூன்று மாதங்களில் வங்கதேசத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். டோக்கியோவில் இருந்த ஆய்வகம் அதைப் புதிய வகை என்று உறுதி செய்து ஓ139 என்று எண் கொடுத்தது. வங்கக் கடலோரத்தில் தோன்றியதால் ‘பெங்கால்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இந்த எண்ணால் கட்டிலில் கிடந்தவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. பழைய ஓ1 வகை ஆனாலும் ஓ139 ஆனாலும் வைத்தியம் ஒன்றுதான்: உப்புச் சர்க்கரைக் கரைசல், குடிக்க முடியாதவருக்கு டிரிப்ஸ். லாபம் அடுத்தவருக்கு. பழைய தடுப்பூசி இதற்குக் கேட்காது, முன்பு காலரா வந்து தேறிய பெரியவர்களையும் இது விடாது என்ற சேதி, இன்னும் படுக்காதவர்களுக்கும் கப்பல் போய்ச் சேரும் தூரத்து ஊர்களுக்கும்தான் உதவியது. கொடுத்தவர் நோயாளி, பெற்றவர் உலகம்.

அயல்நாட்டு ஆய்வகங்களுக்குப் பணக்கார நாடுகள் நிதி தருவது சரியா என்ற பேச்சில் இந்தப் பக்கம் விட்டுப்போகிறது. ஈகை என்பார் ஒரு சாரார். நோய் நம் வாசலுக்கு வருமுன் அங்கேயே பிடிக்கும் தற்காப்பு என்பார் மறுசாரார். தற்காப்புக்காகக் கொடுப்பதை இழிவாக நினைக்கத் தேவையில்லை. 1960-இல் டாக்காவில் காலரா ஆய்வகம் தொடங்கியது சீட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் பெயரில், பெரும்பாலும் அமெரிக்கப் பணத்தில். நோக்கம் சுத்தமா என்று நோண்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் வாய்வழி உப்புக் கரைசல் காலரா நோயாளியைக் காப்பாற்றும் என்று 1968-இல் காட்டியது அங்கே நடந்த ஆய்வுதான். மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு அதுதான் பூர்வீகம். கொடுப்பவர் மனசு எப்படியோ, காசு வேலை செய்தது.

தவறு வேறிடத்தில் இருக்கிறது. ராயபுரம் அதை 2020-இல் பார்த்தது. அந்த மே மாதத்தில் சென்னையின் 15 மண்டலங்களில் கொரோனா எண்ணிக்கையில் ராயபுரம்தான் முன்னால் நின்றது. மண்டலவாரிப் பட்டியல் தினமும் பேப்பரில் வந்தது. ‘பாசிட்டிவ்’ என்று வந்த வீட்டின் கதவில் ஸ்டிக்கர், தெருவை அடைத்துத் தகரம். ஒரே சுவரைப் பகிரும் வீடுகளில், தகரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களில் பலர் தினக்கூலிகள். பரிசோதனையால் நகரத்துக்குப் பாதுகாப்பு, பரிசோதிக்கப்பட்டவருக்கு வேலையிழப்பு. இப்படியிருக்க, மூக்கில் குச்சி விடுபவரைக் கண்டு ஜனங்கள் ஒதுங்கியதை அறியாமை என்று எழுதியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்.

நாடுகளுக்கும் இதே கதி. 2021 நவம்பரில் ஒமைக்ரானை உலகத்துக்குச் சொன்னவை போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள். சொன்ன சில நாட்களிலேயே பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தெற்கு ஆப்பிரிக்காவுக்குக் கதவைச் சாத்தின. அதற்கு முன்பே நெதர்லாந்தில் நவம்பர் 19-இல் எடுத்த மாதிரியிலும் அது இருந்தது பிறகு தெரியவந்தது. ஆய்வகத்துக்கு ஒரு கையால் காசு கொடுத்து, அது வாயைத் திறந்ததும் மறு கையால் அடித்தால், அடுத்த முறை எந்த அரசு அவசரமாகச் சொல்லும்?

இன்னும் பின்னால் போனால் 1986. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரிந்தது சென்னையில் எடுத்த ரத்தத்தில். சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டு, உறுதிப்படுத்த அமெரிக்கா போயின. மருத்துவர்கள் செய்தது அரிய வேலை. ஆனால் ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழில் வழக்கில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள். அப்போது மருந்தும் கிடையாது. பின்னாளில், தொற்று இருக்கிறது என்பதற்காகவே தமிழ்நாட்டில் அடைத்து வைக்கப்பட்ட பெண்களை வெளியே விட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை வர 2004 ஆயிற்று.

உள்ளூரில் குழாய் ஒழுகும்போது வெளியூர் ஆய்வகத்துக்கு எதற்குப் பணம் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ராயபுரத்தின் பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்க, விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுபடும். அடிபம்பில் வரும் முதல் ஒன்றிரண்டு குடத்தை நாற்றம் பார்த்துக் கொட்டிவிட்டுத்தான் பிடிப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க மரபணு இயந்திரம் வேண்டாம். சாக்கடை கலந்த தண்ணீரைப் பிடித்து வைத்தால் கறுத்துக் காட்டும் சின்னப் புட்டி போதும். தெரிந்த பிறகு தெருவைத் தோண்டத்தான் ஆளில்லை. ஆனால் இந்த வாதத்தை உரக்கச் சொல்பவர்கள், வெளிநாட்டுக்கு நிறுத்திய காசைக் குழாய்க்குப் போட்டதாகச் செய்தி இல்லை.

இந்தியாவும் இப்போது கொடுக்கும் கை. இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஓடும் ஆம்புலன்ஸ் சேவை 2016-இல் இந்திய மானியத்தில் தொடங்கியது. மலையகத்தில் டிக்கோயா மருத்துவமனையை இந்தியா கட்டிக் கொடுத்தது. ஆகவே கொடுப்பவரின் கடமை நமக்கும் உண்டு. பாதியில் கையை எடுக்காமல் இருப்பது அதில் முதலாவது. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் டாக்காவின் அந்தக் காலரா ஆய்வகத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் ஆயிரம் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. இயந்திரம் அங்கேயே இருக்கும். தட்டில் கிருமி வளர்த்துப் பார்க்கப் பழகிய கை போய்விடும்.

மற்றது ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது. சர்வதேச சுகாதார விதிகளின்படி, அளவுக்கு மீறிப் பயணத்தைத் தடுக்கும் நாடு 48 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தண்டனை இல்லை. நட்டப்பட்டவருக்கு ஈடும் இல்லை. ஆய்வகத்துக்கு நிதி தரும் அரசு, அந்த ஆய்வகம் சொன்ன சேதிக்காகத் தன்னிச்சையாக வழியை அடைக்க மாட்டேன் என்று கையெழுத்திடலாம். அடைத்தே ஆகவேண்டுமானால் அதன் செலவை ஏற்கலாம். உள்ளூரிலும் அப்படித்தான்: காசிமேட்டில் மீன்கூடை தூக்குபவரைப் பதினாலு நாள் வீட்டில் இருத்தினால், அந்தப் பதினாலு நாள் கூலியையும் பரிசோதனைச் செலவிலேயே எழுத வேண்டும்.