யாயிர் காத்திருந்த நேரம்



இன்றைய நற்செய்தியைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் யாயிரின் பக்கமே போகிறது. பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். தொழுகைக்கூடத் தலைவர் என்ற மதிப்பையெல்லாம் மறந்து, இயேசுவின் காலில் விழுந்து கெஞ்சி, அவரை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். நடுவழியில் இயேசு நின்றுவிடுகிறார். யாருக்காக? பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வாடி, கையிலிருந்ததையெல்லாம் மருத்துவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்ட, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்காக. "ஆண்டவரே, இவளை நாளைக்குப் பார்க்கக் கூடாதா? என் பிள்ளை முதலில்" என்று யாயிர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. காத்திருந்த நேரத்திலேயே மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தியும் வந்து சேர்கிறது. அந்த நிமிடங்கள் எப்படிப்பட்டவை என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

2021ஆம் ஆண்டில் நாடுகள் எல்லாம் யாயிரின் இடத்தில் நின்றன. கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. அதை ஏழை நாடு, பணக்கார நாடு என்று பாராமல் பங்கிட கோவாக்ஸ் என்ற கூட்டுத் திட்டமும் இருந்தது. அந்த ஆண்டுக்குள் 200 கோடி ஊசி என்பது இலக்கு. 100 கோடியாவது ஊசி போய்ச் சேர்வதற்குள் 2022 ஜனவரி பிறந்துவிட்டது. சில பணக்கார நாடுகள் தங்கள் மக்கள்தொகைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டன. அங்கே மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஆப்பிரிக்காவில் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த செவிலியர் பலருக்கு முதல் ஊசியே கிடைக்கவில்லை.

பணக்கார நாடுகளை மட்டும் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடக் கூடாது. கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது நம் புனேயில் தயாரான ஊசியைத்தான். இரண்டாம் அலை அடித்தபோது நாம் ஏற்றுமதியை நிறுத்தினோம். நவம்பரில்தான் கோவாக்ஸுக்கு மறுபடி அனுப்பினோம். ஏற்றுமதியை நிறுத்திய நாட்களோ, ஆக்சிஜன் கிடைக்காமல் மருத்துவமனை வாசலிலேயே மக்கள் மாண்ட நாட்கள். அந்த முடிவின்மேல் கல்லெறிய எனக்குக் கை வரவில்லை. ஆனால் நாம் நம் மகளுக்காக அழுதபோது, நம் ஊசிக்காகக் காத்திருந்த இன்னொரு நாட்டின் மகள் நம் கண்ணில் படவில்லை. அதையும் நாம் அறிக்கையிடத்தான் வேண்டும். வீடு பற்றி எரியும்போது நம் குடத்துத் தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்வது வேறு. மிஞ்சும் என்று தெரிந்தே சேர்த்துவைத்து, காலாவதியாகிக் குப்பைக்குப் போகவிடுவது வேறு. இரண்டாவதுதான் பாவம். அதைச் செய்வது தனி மனிதராக இருந்தாலும் சரி, அரசாக இருந்தாலும் சரி.

இதைவிட நன்றாக மனிதர் நடந்துகொண்ட காலமும் உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பலரின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். பிள்ளைகளே, திருப்பலி முடிந்ததும் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு யாரும் பெரியம்மை குத்தவில்லை, ஏனென்றால் அந்த நோயே இப்போது உலகில் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறக்குறைய 30 கோடிப் பேரைக் கொன்ற நோய் அது. 1958இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் உலக சுகாதார அவை கூடியபோது, இதை ஒழித்தே தீர வேண்டும் என்று முன்மொழிந்தவர் சோவியத் நாட்டின் விக்டர் ஸ்தானவ். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று அணுகுண்டால் மிரட்டிக்கொண்டிருந்த காலம்! ஆனாலும் சோவியத் நாடு 100 கோடிக்கும் மேற்பட்ட தடுப்பு மருந்தைக் கொடையாகத் தந்தது. 1967இல் தீவிரமாகத் தொடங்கிய பணிக்கு அமெரிக்க மருத்துவர் ஹென்டர்சன் தலைமை ஏற்றார். 1975இல் இந்தியாவை விட்டு நோய் போனது. 1980 மே 8 அன்று உலகை விட்டே போய்விட்டதாக அறிவித்தார்கள்.

இந்தக் கதையில் நாம் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. இதற்குச் சுமார் 30 கோடி டாலர் செலவானது. அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவை நோயால் தவித்த ஏழை நாடுகளே. அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையில் பிடித்து, "இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?" என்று பீகாரின் ஊர் ஊராக, வீடு வீடாகக் கேட்டு நடந்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு ஊழியர்கள். பவுல் எருசலேம் மக்களுக்காகக் காணிக்கை திரட்டியபோது கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது யாரை? வறுமையில் கிடந்துகொண்டே வாரிக் கொடுத்த மாசிதோனியரை. அவர் அதைப் பிச்சை என்று சொல்லவில்லை. சமநிலை என்கிறார். இன்று உங்களிடம் மிஞ்சுவது அவர்கள் குறையை நிரப்பட்டும், நாளை அவர்களிடம் மிஞ்சுவது உங்களுக்கு வரும் என்கிறார். கொடுப்பவன் உயரத்திலும் வாங்குபவன் தரையிலும் நிற்பது பவுலின் கணக்கில் கிடையாது.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அலி மாவ் மாலின். சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையல்காரர். வலிக்குமே என்று அஞ்சி ஊசியைத் தவிர்த்தவர். 1977இல் நோய் வந்தது, பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்து, தயங்கிய தாய்மாரிடம் தன் தவறையே எடுத்துச் சொன்னார். 2013இல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியாவால் இறந்தார். தான் பெற்றதைக் கடைசிவரை திருப்பிக் கொடுத்த மனிதர்.

யாயிரின் மகளை இயேசு கைப்பிடித்து எழுப்பினார். வழியில் நின்றதால் அந்த வீடு எதையும் இழக்கவில்லை.

நாடுகளுக்கும் அப்படி நின்று பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 2025 மே 20 அன்று உலக சுகாதார அவை பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றது. புதுக் கிருமியின் மாதிரியைத் தரும் நாட்டுக்கு, அதிலிருந்து உருவாகும் மருந்தில் எவ்வளவு பங்கு என்ற கடினமான பகுதியை மட்டும் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு ஏற்றது. அன்பானவர்களே, சற்று நேரத்தில் மன்றாட்டில் நாடுகளின் தலைவர்களுக்காக வேண்டப் போகிறோம். வழக்கமான பதிலுரையோடு அதைக் கடந்துவிடாதீர்கள். அந்தப் பங்கைப் பற்றிப் பேசும் மேசையைச் சுற்றி உட்காரும் ஒவ்வொருவரும், வழியில் நின்ற இயேசுவைப் போல ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உள்ளம் உருகி வேண்டுங்கள்.