பொருளுக்கும் ஒரு வடிகால்



கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியே பாசன நீர் வயல்களை அடைகிறது. மிகுந்த வெள்ளம் கொள்ளிடத்தில் விடப்படுகிறது. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின்னும் மிகுவெள்ளத்தைக் கொள்ளிடத்தில் விடும் முறை மாறவில்லை. நீரின்றிச் சம்பா விளையாது. தேங்கிய நீர் வடியாவிடில் அப்பயிரே அழுகும். பொருளும் அத்தகையதே.

நம் சமயம் இல்லறத்தாரைப் பொருளீட்ட வேண்டாமெனத் தடுக்கவில்லை. முனிவர்க்கு முற்றத் துறத்தலையும், இல்லறத்தார்க்குப் பரிக்கிரக பரிமாணம் என்னும் ஐந்தாம் அணுவிரதத்தையும் வகுத்தது. 'இவ்வளவு போதும்' என முன்னரே எல்லை வரைந்து கொள்வதே அவ்விரதம்.

கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்பு உயிர்க்கொலை தவிர்ப்பதோடு, குடும்பத்தாரை ஒருங்கே அமர்த்தவும் செய்தது. இன்று இரவு பத்து மணிக்குக் கடையடைத்துத் திரும்புவோர்க்கு நோன்பும் இல்லை. உறங்கிவிட்ட மக்களின் மழலையும் இல்லை. கரந்தை ஆதிநாதர் ஆலயமும் மன்னார்குடி மல்லிநாதர் ஆலயமும் அருகிருந்தும், வழிபட நேரமில்லை என்பாரும் உளர். 'இன்னும் சிறிது சேரட்டும், பிறகு அறம் செய்வோம்' என்போர்க்கு, அந்தப் 'பிறகு' வருமுன் முதுமை வந்துவிடுகிறது.

ஆகவே, ஈட்டும் பொருளுக்கும் ஈட்டும் நேரத்திற்கும் இன்றே வரம்பு கட்டுவோம். வரம்பை மிஞ்சுவதை உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்குத் திருப்புவோம். மாலைப் பொழுதை இல்லத்தார்க்கும் இறைவழிபாட்டிற்கும் உரியதாக்குவோம்.

அறம் வளர்க!