மதியம் மூன்று மணி

டூட்டிங்கில் எங்கள் தெருமுனை பப்புக்குப் போக ஆரம்பித்த புதிதில், கையில் புத்தகம் இல்லாமல் நான் போனதே இல்லை. படிக்க அல்ல. யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். "என்ன, சும்மா உட்கார்ந்திருக்கே?" என்ற அப்பாவின் குரல் விசா இல்லாமலே லண்டன் வரைக்கும் வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் ஈஸிசேரில் சாய்வது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

நான் குடிப்பதில்லை. ஒரு லைம் சோடாவில் இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். கவுன்ட்டரில் வரிசை கிடையாது. ஆனால் அடுத்தது யார் என்பது நிற்கிற எல்லாருக்கும் தெரியும். கடைக்கார அம்மாள் நீளமான பிடியை இழுக்க இழுக்க, கீழே நிலவறைப் பீப்பாயிலிருந்து ஏல் பீர் நிதானமாக ஏறி வரும். ஐஸ் மாதிரி இருக்காது, 12 டிகிரி அளவுக்குத்தான் குளிர்ச்சி. பைன்ட் என்றால் 568 மில்லி. அதை ஒரு மணி நேரம் வைத்திருந்து உறிஞ்சுகிறவர்கள் இங்கே உண்டு. நின்றபடியே அவசரமாகக் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை டாஸ்மாக் வாசலில் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது விநோதமாக இருந்தது.

ஆனால் இந்த நிதானமான மதியம் இங்கிலாந்துக்காரர்களுக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் உலகப் போரின்போது, வெடிமருந்துத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குக் கவலை. 1915இல் இதற்கென்றே ஒரு வாரியம் போட்டார்கள். அதன் கட்டுப்பாட்டில் வந்த ஊர்களில் மதியம் இரண்டரைக்கு பப்பைச் சாத்தினால் மாலை ஆறரைக்குத்தான் திறக்கலாம். போர் 1918இல் முடிந்தது. மதியப் பூட்டு முடியவில்லை. வாரநாள் மதியங்களுக்கு 1988இல்தான் விடுதலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் 1995 வரை காத்திருந்தது. அந்தப் போர் முடிந்த பிறகும் பூட்டை எழுபது வருடம் தொங்கவிட்டார்கள் என்றால், பயம் குடியைப் பற்றியது மட்டும்தானா? பட்டப்பகலில் ஒரு மனிதன் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. அப்பாவை அந்த வாரியத்தில் தாராளமாகச் சேர்த்திருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை வெளியே தூறல். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலடியில் நாய், ஈரக் கம்பள வாசனையோடு. அவர் சிப்ஸ் பாக்கெட்டை மேலே பிரிக்காமல் பக்கவாட்டில் கிழித்து, இலை போட்ட மாதிரி மேசையில் அகலமாக விரித்தார். இங்கே எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். தலை நிமிராமலே அதை ஒரு சாண் என் பக்கம் தள்ளினார். ஒன்று எடுத்துக் கடித்தேன். உப்பும் வினிகரும் நாக்கைச் சுரீர் என்று பிடித்தன.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். புத்தகம் காலையில் வைத்த இடத்திலேயே, சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழே கிடந்தது.