தொண்டு யாருக்காக?

இளைஞருக்கு நல்லொழுக்கம் கற்பிக்க வேண்டும் என்று நம் சமூகக் கூட்டங்கள் தோறும் பேசுகிறோம். அதற்கு நாம் கையாளும் வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று அறிவுரை. மற்றொன்று, விழாக்காலங்களில் பந்தல் கட்டவும் பந்தி பரிமாறவும் ஏவுதல். அறிவுரை செவியளவில் நின்றுவிடுகிறது; ஏவல் விழாவோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, இளைஞரை நிலையான தொண்டில் ஈடுபடுத்த வேண்டும் என்கிறார்கள் சான்றோர் பலர். அது முற்றிலும் உண்மை.

ஆயினும் அக்கூற்றினுள் கடினமானதொரு வினா மறைந்திருக்கிறது. நம் பிள்ளை பண்பட வேண்டும் என்பதற்காக அவனை ஒரு நோயாளியிடம் அனுப்பினால், அந்த நோயாளி நம் பிள்ளையின் பயிற்சிக்கு ஒரு கருவியாகிவிடுகிறார் அல்லவா? பிறர் துன்பத்தை நம் புண்ணியத்துக்கு முதலாக்குவது அறமாகுமா? இதனைத் தெளிந்துகொள்ளாமல் இளைஞர் மன்றங்களை எத்தனை தொடங்கினாலும் பயனில்லை.

நம் ஆகமங்கள் தவத்தைப் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு எனப் பகுத்துரைக்கின்றன. உண்ணாநோன்பு புறத்தவத்தைச் சார்ந்தது. பணிவிடை செய்தலாகிய வையாவிருத்தியமோ அகத்தவங்களுள் ஒன்று. மேலோட்டமாக நோக்கின் இது முரணாகத் தோன்றும். பட்டினி கிடப்பது தன்னளவில் நிகழ்வது. பணிவிடையோ பிறர் காண நிகழ்வது. ஆயினும் பணிவிடையை அகத்ததாக வைத்தனர் நம் ஆசிரியர். உண்மையான பணிவிடை உள்ளே உள்ள செருக்கையும் அருவருப்பையும் கரைப்பதாகும். தத்துவார்த்த சூத்திரம் பணிவிடைக்கு உரியோராகப் பதின்மரைக் கூறுகிறது. ஆச்சாரியரும் உபாத்தியாயரும் இடம்பெறும் அவ்வரிசையிலேயே, கற்கும் நிலையிலுள்ள இளந்துறவியும் நோயுற்ற துறவியும் இடம்பெறுகின்றனர். மூத்தோர்க்கு இளையோர் மட்டுமன்றி, இளையோர்க்கு மூத்தோரும் பணிபுரியக் கடமைப்பட்டவர் என்பது இதனால் பெறப்படும்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுபவன் உத்தாயன மன்னன். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் உணவேற்றபின் அரசன்மீதே உமிழ்ந்தான். அரசனோ முகம் சுளிக்கவில்லை. தான் அளித்த உணவே முனிவருக்கு ஒவ்வாமற் போயிற்றோ என்று வருந்தி, அவர் திருமேனியைத் தூய்மை செய்தான். நம் வினாவிற்கு விடை இங்கே இருக்கிறது. அவ்வேளையில் உத்தாயனன் தன் பெருமையையோ புண்ணியத்தையோ எண்ணவில்லை. அவன் கண்ணில் பட்டது எதிரே இருந்தவரின் துன்பம் ஒன்றே. செய்பவன் தன்னை நினைக்கும் அளவுக்குத் தொண்டு குறைபடுகிறது. தன்னை மறக்கும் அளவுக்கு அது தவமாகிறது. பயன் வரும், ஆனால் பயனை நோக்கிச் செய்தால் வாராது.

அப்படியானால் ஓர் இளைஞன் தன்னை மறக்கக் கற்பது எங்ஙனம்? அதற்கு உடனிருக்கும் ஒருவர் வேண்டும். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களை அடுத்துள்ளது வன்னியம்பட்டி. நம்மவர் மிகுதியாக வாழும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளுக்கு இது வெகுதொலைவு. ஆயினும் இங்கிருந்து கழுகுமலைக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாம். அம்மலைப் பாறையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகக் காட்சி தருகின்றன. அவற்றின் கீழுள்ள ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளே. இன்னாரின் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அவற்றுட் பலவற்றின் செய்தி. செய்வித்தோருள் தச்சர், குயவர், கொல்லர் முதலிய தொழிலாளரும் உண்டு. ஆசிரியர்களுள் குரத்தியர் எனப்படும் பெண்துறவியரும் உண்டு. தன் பெயரைப் பொறிக்கும் இடத்திலும் ஆசிரியர் பெயரை முன்வைத்துத் தன்னை மாணாக்கர் என்று மட்டும் கூறிக்கொள்ளும் அந்தப் பணிவு, சொற்பொழிவால் வந்திருக்க முடியாது. உடனிருந்து பழகியதால் வந்ததே ஆகும்.

கழுகுமலைக் கல்வெட்டுகளில் திருச்சாரணத்துக் குரத்தியர் குறிக்கப்படுகின்றனர். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. சிதறாலுக்கு அண்மையில் உள்ளது மார்த்தாண்டம். இளைஞரைத் தொண்டின் வழியே ஆளாக்கும் பணி இக்காலத்தில் அவ்வூரில்தான் சிறப்புற நடந்தது. நடத்தியவர் கிறித்தவ நண்பர்கள்.

1844இல் இலண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தோற்றுவித்த கிறித்தவ இளைஞர் சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., 1890இல் சென்னையில் கால்கொண்டது. தொடக்கத்தில் நகரத்து இளைஞரையே நாடிய அச்சங்கத்தைச் சிற்றூர்களின்பால் திருப்பியவர், 1876இல் சேலத்தில் பிறந்த கே.டி. பால் ஆவார். அச்சங்கத்தின் அகில இந்தியப் பொதுச் செயலாளராக அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அவ்வழியில் 1920களில், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் கிராமப் புனரமைப்பு நிலையமொன்றை நடத்தினார். ஆன்மா, அறிவு, உடல், பொருளியல், சமூகம் என ஐந்து முகங்கள் கொண்டது அப்பணி. ஏழைக்குக் கைப்பொருள் கொடுத்து ஒதுங்குவதன்று அவர்கள் முறை. அவன் தானே முயல வேண்டும். முயல்பவன் அருகில் அறிந்தவர் ஒருவர் நெருங்கி நின்று வழிகாட்ட வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. மிக எளியவனாலும் பின்பற்ற இயலாத எதையும் செய்துகாட்டக் கூடாது என்பது மற்றொரு நியதி. ஊழியர்க்குப் பயிற்சியும் செய்கையின் மூலமே அளிக்கப்பட்டது.

இங்கே நம்மவர்க்கு ஓர் ஐயம் எழும். அந்நிலையம் பரப்பிய தொழில்களுள் முதன்மையானவை தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும். 1937இல் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. தேனோ, சிராவகன் தொடக்கத்திலேயே நீக்க வேண்டியவற்றுள் ஒன்று. நமக்கு விலக்கான தொழில்களை வளர்த்தவரிடம் நாம் கற்பதா?

கற்கலாம் என்பதே நம் கருத்து. ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்கப் பணிப்பது அநேகாந்தம். வழிகாட்டியவரின் நெருக்கமும், ஏழையின் தேவையையே அளவுகோலாகக் கொண்ட நேர்மையும் நமக்குப் பாடமாகட்டும். உயிர்களுக்குத் துன்பம் தரும் தொழில்களை விலக்கிக் கொள்வோம். பிறரைப் பழிக்காமலும் நம் நெறியைத் தளர்த்தாமலும் இதனைச் செய்ய முடியும். ஒரு தொண்டின் நோக்கம் நல்லது என்பதாலேயே அதன் கருவிகள் எல்லாம் நல்லவை ஆகிவிடா என்பதையும், தேனை முன்னிட்டே நம் இளைஞருக்குத் தெளிவாக உணர்த்தலாம்.

இனி, நாம் செய்ய வேண்டியன யாவை? முதலாவது, தேவையிலிருந்து தொண்டு பிறக்க வேண்டும். இளைஞருக்கு ஏதேனும் வேலை கொடுக்க வேண்டுமே என்று தேடிப் படைக்கும் வேலை, அவர்களை ஏமாற்றுவதாகும்; அதனை அவர்கள் விரைவில் கண்டுகொள்வர். உண்மையான தேவைகளோ நம் வாயிலிலேயே நிற்கின்றன. பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் தனித்திருக்கும் முதியோர் நம் ஊர்களில் உளர். அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மங்கிய கண்களுக்கு நூல் படித்துக் காட்டவும் ஆள் வேண்டும். நடந்தே செல்லும் முனிவர்களுக்கு வழித்துணை வேண்டும். கோடையில் வாயில்லா உயிர்களுக்கு நீர் வேண்டும். மதுரை மலைகளின் சமணச் சின்னங்களைக் காக்கும் நோக்குடன் 2010இல் எழுந்தது பசுமை நடை. அதில் நடந்தோர் பெரும்பாலும் பிற சமயத்தவர். நம் சமூகத்து இளைஞர் 2014இல் அகிம்சை நடையைத் தொடங்கினர். தொன்மையான இடங்களைத் தேடிச் செல்லும் கால்கள் தனித்திருக்கும் முதியோர் வாயிலையும் தேடிச் செல்லட்டும்.

இரண்டாவது, பொறுப்பை முழுதாக ஒப்படைக்க வேண்டும். தான் செல்லாவிடில் அந்த முதியவர் அன்று மருந்தின்றி இருப்பார் என்று அறிந்த இளைஞன் தவறாது செல்வான். தான் வராவிட்டாலும் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்னும் இடத்தில் கடமையுணர்வு வளராது.

மூன்றாவது, மூத்தோர் உடன் செல்ல வேண்டும். இதுவே அரிது. நன்கொடை அளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். மாதத்தில் ஒரு நாள் ஓர் இளைஞனோடு சென்று நோயாளியின் படுக்கையை மாற்றும் பெரியோர் சிலரே. அவன் முகம் சுளிக்கும்போது நாம் சுளிக்காதிருப்பதே பாடம். அவன் தவறும்போது பலரறியக் கடியாமல், மறைத்துத் திருத்துவது உபகூகனம். சோர்ந்து விலகும்போது மீண்டும் நிலைநிறுத்துவது ஸ்திதிகரணம். உள்ளம் தடுமாறிய நண்பன் புட்பதாலனை வாரிசேண முனிவர் கைவிட்டாரில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தைக் காட்டித் தெளிவித்தார். தாம் துறந்ததைக் காட்ட வல்லவரே பிறரைத் துறவில் நிறுத்த வல்லவர். தாம் தொண்டு செய்பவரே இளையோரைத் தொண்டில் நிறுத்துவர்.

தொண்டு யாருக்காக என்ற வினாவை இளைஞனிடம் கேட்கும்முன் நாம் நம்மிடம் கேட்டுக்கொள்வோம். மன்றத்தின் பெயருக்காக, ஆண்டறிக்கைக்காக, நிழற்படத்துக்காக எனின், அங்கே இளைஞனும் கருவி, நோயாளியும் கருவி. எதிரே உள்ள உயிரின் துன்பத்துக்காக எனின், முதியவர், இளைஞர், நோயாளர் ஆகிய மூவரும் அதில் பயன் பெறுவர். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்று நம் ஆசிரியர் கூறியதன் பொருள் அதுவே. வரும் சதுர்த்தசிக்குள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெரியவர் ஓர் இளைஞனை உடனழைத்துத் தனித்திருக்கும் ஒரு வீட்டின் கதவைத் தட்டுவாராக.

அறம் வளர்க!